கொடிமரக்குப்பம் ஸ்டாப்பிங்

வண்டியில் இருந்தது நாலே பேர். ஆனாலும் உப்பளக் காலனிக்குத் திரும்புகிற வளைவில் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியபோது, மினி பஸ்ஸின் அடிப்பாகம் தரையில் கரகரவென்று உரசியது.

கலைமதிக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். காலை எட்டரை மணிக்குக் காலனி ஆட்களும் உப்பளத்து ஆட்களும் மூச்சு முட்ட ஏறிக்கொண்டு ஏனாதிப்பட்டினம் டவுனுக்குள் போகும்போது, இதே இடத்தில், இதே மாதிரி உரசும். ஆனால் அது காலையில். சாயங்காலம் திரும்பும்போது மீன்காரப் பெண்கள் காலிக் கூடைகளோடு ஐஸ் கம்பெனி ஸ்டாப்பிங்கில் மொத்தமாக இறங்கிவிடுவார்கள். அவர்கள் இறங்க இறங்க ஸ்பிரிங் பட்டைகள் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு வண்டியைத் தூக்கிவிடும். உட்கார்ந்திருக்கிற இருக்கையிலேயே அது தெரியும். அதற்குப் பிறகு கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு அவளும் மகள் அமுதினியும் மட்டும்தான். காலி வண்டி தகரடப்பா மாதிரி குதித்துக்கொண்டு போகும்.

அன்றைக்கும் ஐஸ் கம்பெனியில் வண்டி தூக்கியது. அவள் உணர்ந்தாள். அதன் பிறகு சவுக்குத்தோப்பு ஓரமாக, ஆளே இல்லாத கொடிமரக்குப்பம் ஸ்டாப்பிங்கில், தினமும் நிற்பதைப்போல வண்டி நின்றது. கண்டக்டர் செபமாலை படியில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விசிலை இரண்டு தடவை ஊதினார். வண்டி கிளம்பியது. கிளம்பும்போது டிரைவர் அடைக்கலம் கியரைப் போட்டு ஆக்ஸிலேட்டரை நிறைய மிதிக்க வேண்டியிருந்தது. எஞ்சின் திணறியது. பிறகு இந்த உரசல்.

டயரில் காற்று கம்மியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, தூங்கி விழுந்த பிள்ளையைத் தட்டி எழுப்பி இறங்கினாள்.

கலைமதிக்குச் சொந்த ஊர் கீரமங்கலம். பூந்தோட்டமும் தென்னையும் தவிர வேறொன்றும் பார்த்து வளராதவள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இந்தக் கடற்கரை ஊருக்கு மாறுதலாகி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கணவன் கோபிநாத் தோஹாவில் இருந்தான். டவுனுக்குள் வீடு கிடைக்காததால் ஊருக்குத் தெற்கே உப்பளக் காலனியில் ஒரு வீடு பிடித்திருந்தாள். அமுதினி ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வீடு சேர, பக்கவாட்டில் 'அலைமகள்' என்று நீல எழுத்தில் எழுதிய அந்த ஒரே மினி பஸ்தான். பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், ஆஸ்பத்திரி, ஸ்கூல், ஐஸ் கம்பெனி, குப்பம், காலனி. பிறகு அதே வழியில் திரும்பிப் போகும். ஒரு சுற்றுக்கு முக்கால் மணி நேரம். அந்த ஊரில் யார் எங்கே போனாலும் அலைமகளில்தான் போனார்கள்.

மறுநாளும் வண்டி உரசியது. அதற்கு அடுத்த நாளும்.

ஒரு விஷயத்தை ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு கவனிக்காமல் இருக்க முடிவதில்லை. நான்காம் நாள் அவள் தலைக்கு மேலே பார்த்தாள். நின்றுகொண்டு வருகிறவர்கள் பிடித்துக்கொள்வதற்காக மேலே கம்பியில் வரிசையாகத் தோல்வார்ப் பிடிகள் தொங்கும். ஐஸ் கம்பெனியைத் தாண்டியதும் காலி வண்டியின் குலுக்கலில் அவை இஷ்டத்துக்கு ஆடும். ஒன்றோடொன்று மோதிக்கொண்டு டக் டக்கென்று சத்தம் போடும். அமுதினிக்கு அது ஒரு விளையாட்டு. எது எதோடு மோதும் என்று சொல்லிக்கொண்டே வருவாள். அன்றைக்குக் குப்பம் ஸ்டாப்பிங்கிலிருந்து வண்டி கிளம்பிய பிறகு அந்த டக் டக் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது பதினெட்டுப் பிடிகளும் அசையாமல் நின்றன. வண்டி ரோட்டுப் பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்தது, வளைவில் ஒடித்துத் திரும்பியது, ஆனால் பிடிகள் ஒன்றும் ஆடவில்லை. ஆடாதது மட்டுமில்லை, வார்கள் விறைத்து, கீழ்நோக்கி இழுபட்டு நின்றன.

அவள் கண்ணை இறக்கிக்கொண்டாள். காலனி வரும்வரை தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடிகளைச் சாத்திவிட்டுத்தான் வண்டியை ஓட்டினார்கள். சாத்திய வண்டிக்குள் மீன்கவுச்சியும் டீசல் நெடியும் ஈரத்துணி வாடையும் கலந்து நிற்கும். ஐஸ் கம்பெனியில் கூடைகள் இறங்கியதும் கவுச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிடும். குப்பத்தைத் தாண்டியதும் வேறொரு வாடை வந்தது. கழிமுகத்துச் சேற்றைக் கிளறினால் வருமே, அந்த வாடை. ஒரு சாயங்காலம், இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, எதிர்வரிசை ஜன்னல்களில் ஆளில்லாத இருக்கைகளுக்கு நேராகக் கண்ணாடி மங்கியது. ஒவ்வொரு இருக்கைக்கும் நேராக ஒரு வட்டம். வட்டம் சுருங்கியது. விரிந்தது. மறுபடி சுருங்கியது.

அன்று ராத்திரி போனில் கோபிநாத்திடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. தனியாக இருந்து இருந்து மனசு களைத்துப்போயிருக்கும் என்றான். அடுத்த கலந்தாய்வில் மாறுதலுக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னான், அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொன்னான். அவளும் சரி என்றாள். இதையெல்லாம் நேரில் பார்க்காதவனிடம் இதற்குமேல் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவளை உண்மையிலேயே உலுக்கியது அமுதினிதான். பிள்ளை எப்போதும் நடைபாதை ஓரமாக உட்காரும், அவள் ஜன்னலோரம். சில நாட்களாகக் குப்பம் ஸ்டாப்பிங் தாண்டியதும் பிள்ளை நகர்ந்து நகர்ந்து வந்து அம்மாவின் இடுப்போடு ஒட்டிக்கொண்டது. குளிருகிறது போல என்று கலைமதி நினைத்திருந்தாள். ஒரு நாள் நெருக்கடி தாங்காமல், இவ்வளவு இடம் கிடக்கும்போது ஏன்டி இடிக்கிறே என்று கேட்டுவிட்டாள்.

அமுதினி குரலைத் தாழ்த்திக்கொண்டது. பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது பேசுவதைப்போல.

"அவங்க நிக்கிறாங்கல்லம்மா. பாவமா இருக்கு."

யார் என்று கலைமதி கேட்கவில்லை. கேட்டால் பிள்ளை கையை நீட்டிக் காட்டிவிடும் என்று பயந்தாள்.

அந்த வாரமே செபமாலை ஆஸ்பத்திரிக்கு வந்தார். மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க வருவார். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் வெந்த முகம், காதோரம் நரை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. வண்டியில் எல்லாரையும் அதட்டி உள்ளே தள்ளுகிறவர், லேபுக்குள் வந்தால் ஊசிக்குப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவள் அவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடிக்கொண்டே, குப்பம் ஸ்டாப்பிங்கில் யார்ண்ணே ஏறுறாங்க என்று கேட்டாள். கேட்கிற நேரத்தில் அவர் கை அவள் விரல்களுக்குக் கீழே சில்லிட்டுப் போனது.

பிறகு வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு புயல். அப்போது காலனி கிடையாது, உப்புக் கம்பெனி ஆபீஸ்தான் கடைசி ஸ்டாப்பிங். சவுக்குத்தோப்புக்கு அந்தப் பக்கம் கொடிமரக்குப்பம் இருந்தது, நாற்பது ஐம்பது தலைக்கட்டு. கடல் ஏறப்போகிறது, எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்று அதிகாரிகள் சொன்னதால் இவரும் அடைக்கலமும் மதியத்திலிருந்து ஓயாமல் ஆளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் உப்புக் கம்பெனிக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, இருபத்தைந்து பேர் வண்டியில் எண்பது பேர். குப்பத்து ஆட்கள் மூட்டை முடிச்சோடு ரோட்டை மறித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே கால் வைக்க இடமில்லை.

"நான்தாம்மா படியில நின்னு சொன்னேன். அடுத்த டிரிப்புல வந்து ஏத்திக்கிறோம், இங்கனயே ஓரமா நில்லுங்கன்னு. என் பேச்சைக் கேட்டு ஒதுங்கி வழி விட்டாக."

அடுத்த டிரிப்பு போகவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஐஸ் கம்பெனி பக்கம் புளியமரம் ரோட்டில் சாய்ந்து கிடந்தது. விடிந்து தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தபோது குப்பமே இல்லை. ஆட்கள் வேறெங்கும் ஓடியிருக்கவில்லை. அவர் நிற்கச் சொன்ன இடத்திலேயே, சவுக்கு மரங்களுக்கு நடுவே கிடந்தார்கள்.

மறு வருடத்திலிருந்து ஒவ்வொரு மழைக்காலம் நெருங்கும்போதும் வண்டி கனக்க ஆரம்பிப்பதாகச் சொன்னார். திரும்பி வரும்போது இடம் கிடைக்காது என்று தெரிந்துகொண்டார்கள், அதனால் வண்டி காலியாகப் போகும்போதே ஏறிக்கொள்கிறார்கள். இப்போதும் ஜனங்கள் அப்படித்தானே செய்கிறார்கள். திரும்பி வந்து ஸ்கூல் வாசலில் நின்றதும் வண்டி தூக்கிக்கொள்ளும். தினமும் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார். மறுநாளும் அங்கேயே நிற்கிறார்கள்.

நிறுத்தாமல் போய்விட்டால் என்ன என்று கலைமதி கேட்டாள்.

"ஒருநா நிக்காமப் போனோம்," என்றார். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு சட்டைக் கையை இறக்கிவிட்டார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். "பயப்படாதீக. இத்தனை வருசத்துல ஒருத்தரையும் ஒண்ணும் செஞ்சதில்ல. அவுகளுக்கு வேண்டியது எடந்தாம்மா. வேற ஒண்ணுமில்ல."

அதன் பிறகு அவள் சாயங்காலம் அலைமகளில் ஏறவில்லை. ஐயனார் என்கிற ஆட்டோக்காரரைப் பேசி வைத்தாள். அவர் உப்புப் பாத்திகளுக்கு நடுவே போகிற மண்பாதையில் சுற்றிக்கொண்டு குப்பத்துப் பக்கமே போகாமல் காலனிக்குக் கொண்டுபோய் விடுவார். டவுனுக்குள் வீடு தேடினாள். தை மாதம் காலியாகிறது என்று மார்க்கெட் பக்கம் ஒரு மாடிவீட்டுக்காரர் சொன்னார். இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்க்கிற பழக்கம் வந்தது. ராத்திரி தூக்கத்தில் புரண்டு படுக்கும்போது அமுதினி பாயின் ஓரத்துக்கு ஒதுங்கிப் படுத்திருப்பதைப் பார்த்தால், இழுத்து நடுவில் போட்டுத் தட்டிக்கொடுப்பாள்.

கார்த்திகை முதல் வாரத்தில் ஒரு நாள், காலையிலிருந்தே மழை விடாமல் ஊற்றியது. மதியம் கடலோர ஊர்களுக்குப் புயல் எச்சரிக்கை வந்தது. பள்ளிக்கூடத்தை முகாமுக்கு எடுத்துக்கொள்வதால் மூன்று மணிக்கே பிள்ளைகளைக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். அமுதினிக்கு உடம்பு கதகதவென்று இருந்தது. ஐயனாருக்குப் போன் போட்டாள். மண்பாதை மூழ்கிவிட்டது, முட்டளவு தண்ணீர் நிற்கிறது, ஆட்டோ இறங்காது, என்னை மன்னிச்சிருங்க என்றார். அவளோடு வேலை பார்க்கிற நர்ஸ் திலகவதி அன்றைக்கு லீவு. முகாமிலேயே உட்கார்ந்துவிடலாமா என்று யோசித்தாள். காய்ச்சல் பிள்ளைக்கு மாற்றுத்துணிகூட இல்லை.

அந்த நேரத்தில் அலைமகள் ஸ்கூல் வாசலில் வந்து நின்றது. உள்ளே இடுப்பு திருப்ப முடியாத கூட்டம். நடுவிலிருந்து பக்கத்து வீட்டு இருளாயி கையை ஆட்டினாள். மீன் விற்கிறவள், உரத்த தொண்டைக்காரி. ஏறு தங்கச்சி, நானும் காலனிக்குத்தான் வாரேன், எனக்குப் பக்கத்துல எடம் இருக்கு என்று கூப்பிட்டாள். நாலு மணிகூட ஆகவில்லை. இத்தனை ஜனம் இருக்கிறது. இருளாயி கடைசிவரை வருகிறாள். கலைமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

அவளைப் பார்த்ததும் செபமாலை ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூட்டம் அவளை உள்ளே தள்ளிவிட்டது.

ஜன்னலோரம் அவள், மடியில் அமுதினி, பக்கத்தில் இருளாயி. மனித வாடையும் ஈரக்கூந்தலின் எண்ணெய் வாடையும் அன்றைக்கு அவளுக்கு ஆறுதலாக இருந்தன. பிள்ளை தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது. ஐஸ் கம்பெனியில் வண்டி நின்றதும் ஜனங்கள் இறங்கத் தொடங்கினார்கள். வெளியே மழையில் படகுகளை மேலே இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஓடிவந்து ஜன்னல் தகரத்தில் தட்டி, உன் வீட்டுக்காரர் தனியா நிக்கிறாரு, கயிறு புடிக்க ஆளில்லை, இறங்கி வா என்று இருளாயியைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள். அடுத்த வண்டிக்கு வந்திடுறேன் தங்கச்சி என்று சொல்லிக்கொண்டே கூட்டத்தோடு போய்விட்டாள்.

கலைமதி பிள்ளையையும் பையையும் அள்ளிக்கொண்டு எழுவதற்குள் விசில் அடித்தது. வண்டி நகர்ந்துவிட்டது. இறங்கணும்ணே என்று கத்தினாள். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. முன்படியில் நின்ற செபமாலை திரும்பவில்லை.

காலி வண்டி.

பிடிகள் ஆடின. டக் டக். டக் டக். அந்தச் சத்தம் நிற்கக்கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டாள். கீரமங்கலத்து அம்மன் பெயரைச் சொன்னாள். பிள்ளையின் காய்ச்சல் சூடு நெஞ்சில் பட்டுக்கொண்டிருந்தது. பையை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்து அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். வெளியே சவுக்கு மரங்கள் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து இரைந்தன. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வண்டி வேகம் குறைந்தது.

நின்றது.

அவள் பார்க்கவில்லை. காதில் விழுந்தது. படியில் ஈரக்கால் வைக்கிற சத்தம். ஒன்று. இன்னொன்று. வண்டி இடதுபக்கமாகச் சாய்ந்தது. ஸ்பிரிங் பட்டைகள் முனகின. சாய்ந்து, அமிழ்ந்து, இன்னும் அமிழ்ந்தது. சேற்று வாடை தொண்டையில் வந்து அடைத்தது.

டக் டக் நின்றுபோயிற்று.

இரண்டு விசில். எஞ்சின் திணறிக் கிளம்பியது. எல்லா ஜன்னல்களும் ஒரே மூச்சில் வெளுத்தன. முழங்கைக்குக் கீழே இருந்த பை மெதுவாக நகர்ந்தது. யாரோ எடுத்து அவள் காலடியில் பத்திரமாக வைத்தார்கள். பக்கத்து இருக்கையின் ரெக்ஸின் அமுங்கியது. அவளுடைய இடது தொடையோரம் சேலை நனைந்தது. சில்லென்று.

அவள் நகர்ந்து ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். இதற்குமேல் நகர இடமில்லை.

அப்போது குரல் கேட்டது. பயமுறுத்துகிற குரல் இல்லை அது. நாள் முழுக்க நின்று களைத்துப்போன ஒரு பொம்பளையின் குரல். அவள் தலைக்குப் பக்கத்தில், நடைபாதையிலிருந்து.

"யக்கா. செத்த நேரம் பிள்ளைய வாங்கிக்கிறீகளா? நிக்க முடியல."

பஸ்ஸில் இது எல்லாரும் செய்வதுதான். கைப்பிள்ளையோடு நிற்கிறவள் உட்கார்ந்திருக்கிறவளிடம் பிள்ளையைக் கொடுப்பாள். முன்பின் தெரியாதவளாக இருந்தாலும் வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். கலைமதி வாழ்நாளில் எத்தனை பிள்ளைகளை அப்படி வாங்கி வைத்திருக்கிறாள். அமுதினியை எத்தனை பேர் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

அவள் யோசிக்கவில்லை. கை தானாக நீண்டது.

நீட்டிய பிறகுதான் தெரிந்தது, என்ன செய்துவிட்டோம் என்று.

கையில் கனம் இறங்கியது. ஈரத்துணி. அதற்குள் சின்ன விலா எலும்புகள். அது அவள் மடியில் அமுதினிக்குப் பக்கத்தில் ஒதுங்கி உட்கார்ந்தது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. இரண்டு தலைகள் அவள் நெஞ்சில் சாய்ந்திருந்தன. ஒன்று சூடு. ஒன்று குளிர். சூட்டை மட்டும் பிடித்துக்கொள், சூட்டை மட்டும் விடாதே என்று தனக்குத்தானே சொன்னாள். நனைந்த தலையிலிருந்து நீர் அவள் கழுத்தில் ஓடியது. கை மரத்துக்கொண்டே வந்தது. எது சூடு?

ஸ்பீடு பிரேக்கர்.

வண்டி எகிறி விழுந்தது. அடிப்பாகம் தரையைக் கிழித்தது. அவள் இருக்கையைவிட்டுத் தூக்கி எறியப்பட்டு முன்கம்பியில் நெற்றி மோதினாள். மடி காலியாயிற்று. ஒரு கணம்தான். இருட்டில் குனிந்து, துழாவி, கையில் அகப்பட்ட சின்ன உடம்பை வாரி எடுத்து மார்போடு இறுக்கிக்கொண்டாள். ஸ்கூல் யூனிபார்மின் காலர் விரலில் பட்டது. பட்டதா? பட்டது. அமுதினிதான். என் பிள்ளைதான்.

வண்டி நின்றது. காலனி.

கண்ணைத் திறக்காமலே கம்பியைப் பிடித்து நடந்தாள். இரண்டு பக்கமும் ஈரச்சேலைகள் உரசின. யாரும் தடுக்கவில்லை. ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு படி. இன்னொரு படி. காலில் தார் ரோடு. மழை முகத்தில் அடித்தது. அப்போதுதான் மூச்சு வந்தது.

"வந்துட்டோம்டி. வீட்டுக்கு வந்துட்டோம்," என்றாள். நனைந்த தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். பிள்ளை அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கழுத்தைக் கட்டிக்கொண்டது.

செபமாலை முன்படியில் நின்றார். அவள் தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மழையில் நனையாத அந்த முகத்தில் தண்ணீராக வழிந்தது. திரும்பி வண்டிக்குள்ளே ஒருமுறை பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஒண்ணையாச்சும் கரையேத்திட்டீகம்மா," என்றார்.

விசிலை எடுத்து வாயில் வைத்தார். இரண்டு தடவை ஊதினார்.

வண்டி அங்கேயே வட்டமடித்துத் திரும்பியது. அவளுக்கு எதிரே, கை எட்டுகிற தூரத்தில், மெதுவாகக் கடந்தது. வெளுத்த ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் போயின. அவள் உட்கார்ந்திருந்த ஜன்னல் வந்தது. உள்ளிருந்து ஒரு சின்ன உள்ளங்கை கண்ணாடியைத் துடைத்தது.

தூக்கம் கலைந்த முகம். காய்ச்சலில் சிவந்த கன்னம். காதோரம் அவிழ்ந்து தொங்குகிற, காலையில் அவள் கையால் பின்னிவிட்ட சடை. அமுதினி யாருடைய மடியிலோ உட்கார்ந்திருந்தது. அதன் வயிற்றைச் சுற்றி, விழுந்துவிடாமல், ஒரு வெளுத்த கை பதமாகப் பிடித்திருந்தது. தலைக்கு மேலே பதினெட்டுப் பிடிகளும் விறைத்து நின்றன. பிள்ளை ரோட்டில் நிற்கிற அவளைப் பார்த்தது. அவள் தோளில் இருப்பதைப் பார்த்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சத்தமில்லாமல், வாய் அகலத் திறந்து அசைந்தது.

"அம்மா."

அந்தக் குரல் அவள் காதுக்குள், குளிர்ந்த உதடு பட்டுக்கொண்டு கேட்டது.